எட்டு மணி நேரம் வரும் என்றார் கடைக்காரர்

நம் ஊரில் இப்போது இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. மாடிப்படிக்குக் கீழேயோ, வராந்தா மூலையிலோ, சில வீடுகளில் பூஜை அறைக்குப் பக்கத்திலோ ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். வாங்கி வைத்த அன்று அதைப் பார்த்தோம். அது செத்துப் போகும் அன்று மறுபடியும் பார்ப்போம். நடுவில் அதன் மேல் பழைய செய்தித்தாள் கட்டு ஏறியிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பேட்டரியை "வீட்டுக்கு" என்று வாங்குகிறோம். அது தவறு. வீட்டில் எந்தப் பொருள் நிற்கக் கூடாதோ அந்த ஒரு பொருளுக்காக வாங்க வேண்டும். மற்றதெல்லாம் இருட்டில் கிடக்கட்டும். இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு கற்றுக்கொண்டேன்.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியின் தலைமேல் நகராமல் நின்ற இரவு அது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்று அவரவர் வீட்டில் நடந்தது அவரவருக்கு நினைவிருக்கும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவிக்கு நுரையீரலில் கோளாறு. இரவில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்ஸிஜன் வேண்டும் என்று டாக்டர் சொல்லி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கிறோம். அறைக் காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, ஆக்ஸிஜனை மூக்குக்கு அனுப்பும் மெஷின். சக்கரம் வைத்த சின்ன பீரோ மாதிரி இருக்கும். உள்ளே கம்ப்ரசர் ஓடுவதால் கரண்ட் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேலை செய்யாது.

அன்று காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ராத்திரி ஏழு மணிக்குப் போனது வரவில்லை. எனக்குக் கவலை இல்லை. மாடிப்படிக்குக் கீழே 150 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கிறதே! நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கும்போது கடைக்காரர் "எட்டு மணி நேரம் வரும் சார், தைரியமா தூங்குங்க" என்று சொல்லியிருந்தார். நான் தைரியமாகத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

எட்டு மணி ஆவதற்குள் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஃபேன் நின்றது. உடனே மெஷினும் நீளமாக ஒரு அலாரம் அடித்தது.

"என்னங்க, மெஷின் நின்னுடுச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் பேச மூச்சில்லை.

தெருவில் முழங்கால் தண்ணீர். ஆம்புலன்ஸ் வரக்கூடிய நிலைமை இல்லை. எதிர் வீட்டு முதல் மாடியில் விளக்கு எரிவது தெரிந்தது. அந்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். அவனும் அவன் நண்பனும் வந்து, "அம்மாவை சேரோட தூக்கிடலாம் சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மழையில் குடை பிடித்து அந்தப் பக்கம் கொண்டு போனார்கள். திரும்பி வந்து மெஷினைத் தூக்கிப் போனார்கள். அங்கே ஃபேன், டி.வி., எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட விட்டோம். நடு இரவில் அவர்கள் பேட்டரியும் தளர்வதற்குள், பையன் எங்கிருந்தோ ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் பிடித்து வந்தான். எங்கிருந்து என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவள் இருக்கிறாள். போதும்.

மறுநாள் நான் கடைக்காரரைத்தான் திட்டினேன், மனதுக்குள். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

கணக்கு இதுதான். 12 வோல்ட்டை 150 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 1800 வாட்-அவர். இது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் செல்வம். ஈய-அமில பேட்டரியில் இதை முழுதும் செலவு செய்யக் கூடாது. பாதியோடு நிறுத்தினால்தான் பேட்டரி பல வருஷம் உழைக்கும். ஆக 900. இன்வெர்ட்டர் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும்போது தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும்; ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். மிச்சம் 720. ஒரு சீலிங் ஃபேன் 70 வாட், இரண்டு எல்.இ.டி. விளக்கு 20 வாட், மொத்தம் 90. 720ஐ 90ஆல் வகுத்தால் எட்டு மணி நேரம். கடைக்காரர் சொன்னது சரி. அவர் ஒரு ஃபேனையும் இரண்டு விளக்கையும் மனதில் வைத்துச் சொன்னார். நான் வீட்டையே மனதில் வைத்துக் கேட்டேன்.

அன்று இரவு என் வீட்டில் ஓடியவை: கான்சன்ட்ரேட்டர் 300 வாட் (மெஷினின் பின்னால் ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது, அதற்கு முன் நான் அதைப் படித்ததில்லை), இரண்டு ஃபேன் 140, நாலு விளக்கு 40, இன்டர்நெட் பெட்டியும் செல்போன் சார்ஜர்களும் ஒரு 20. மொத்தம் 500 வாட். 720ஐ 500ஆல் வகுத்தால் ஒன்றரை மணி நேரம்கூட வராது. இது புதுப் பேட்டரிக்கு, அதுவும் முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரிக்கு. என்னுடையது இரண்டும் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம் ஊர் இன்வெர்ட்டர் பேட்டரிகளில் "150 ஆம்பியர்-அவர்" என்பதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "சி20" என்று போட்டிருக்கும். 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் 150 கிடைக்கும் என்று அர்த்தம். அதாவது மணிக்கு ஏழரை ஆம்பியர். 500 வாட் ஓட்டினால் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் போகிறது. அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அது 150 தராது. நூறு தந்தாலே பெரிது. சோலாருக்கு விற்கும் பேட்டரிகளில் பெரும்பாலும் "சி10" என்று இருக்கும். அதே 150 என்றாலும் 10 மணி நேரத்தில் எடுக்கக்கூடிய 150. இரண்டையும் ஒரே விலை ஒரே சரக்கு என்று ஒப்பிடாதீர்கள்.

ஜனவரியில் என் தங்கை மகன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். அங்கே அவனிடம் ஒரு கேம்பிங்-கார் இருக்கிறது. சமையலறை, கட்டில் எல்லாம் உள்ளேயே அமைத்த வேன். லீவு விட்டால் குடும்பத்தோடு அதில் கிளம்பிவிடுவான். கடலோரம், மலையடிவாரம் என்று மூன்று நாள் கரண்ட் இணைப்பே இல்லாமல் நிற்பார்களாம். விளக்கு, தண்ணீர் பம்ப், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரு பேட்டரியில். அதனால் அவனுக்கு இந்த விஷயம் தண்ணீர் பட்ட பாடு. என் மாடிப்படிக்குக் கீழே குனிந்து, மூடியைத் திருகிப் பார்த்தவன் நிமிர்ந்து, "மாமா, இதுக்குத் தண்ணி எப்ப ஊத்தினீங்க?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னால் அவள் "பேட்டரியைப் பாத்தீங்களா?" என்று கேட்டபோது "பாத்துட்டேன்" என்று சொல்லியிருந்தேன். பார்க்கவில்லை. ஏழு மாதமாகப் பார்க்கவில்லை. தகடுகளின் மேல்பாகம் காற்றில் நின்றுகொண்டிருந்தது. 34 வருஷம் அரசாங்க ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதியவன், எந்தக் காகிதம் எந்தத் தேதியில் எந்த மேசைக்குப் போனது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன், வீட்டில் ஒரு பேட்டரிக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

அவன் கேம்பிங்-காரில் இரண்டு பேட்டரி. ஒன்று என்ஜினை ஸ்டார்ட் பண்ண, மற்றது உள்ளே வாழ. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிதான். ஸ்டார்ட் பண்ணும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில வினாடிகள் பெரிய கரண்டைக் கொட்டிவிட்டு, ஓடும்போது உடனே நிரம்பிக்கொள்ளும். அதை ஆழமாக வடித்தால் கொஞ்ச தடவையிலேயே போய்விடும். வாழும் பேட்டரியில் தகடு தடிமன். மெதுவாகக் கொடுத்து, ஆழமாக இறங்கி, மறுபடியும் ஏறத் தாங்கும். அங்கே "டீப் சைக்கிள்" என்கிறார்கள். நம் கடைகளில் "டால் டியூபுலர்" என்று விற்பது இந்தச் சாதிதான். அதன் பாசிட்டிவ் பக்கத்தில் தகட்டுக்குப் பதிலாக வரிசையாகக் குழாய்கள் இருக்கும். ஈய மருந்து அந்தக் குழாய்களுக்குள் அடைபட்டிருப்பதால் உதிர்ந்து அடியில் விழாது. "ஃபிளாட் பிளேட்" விலை குறைவு. கரண்ட் எப்போதாவது பத்து நிமிடம் போகும் தெருவுக்கு அது போதும். கார் பேட்டரியைக் கொண்டு வந்து இன்வெர்ட்டரில் மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பந்தயக் குதிரையை ஏரில் பூட்டுவது.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் டார்ச் விளக்கில் போடுகிறதை "பீல்" என்றும், மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடியதை "அக்யுமுலாத்தேர்" என்றும் வேறு வேறாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவதைக் கண்டுபிடித்தவர் காஸ்தோன் பிளாந்த்தே என்ற பிரெஞ்சுக்காரர், 1859இல். பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்தச் சொல்லுக்குச் "சேர்த்து வைப்பது" என்றுதான் பொருள். தமிழில் இரண்டையும் பேட்டரி என்றே சொல்லிவிடுகிறோம். அதனாலேயோ என்னவோ, அதிலிருந்து கரண்ட் ஊறி வருவதாக நமக்கு ஒரு நினைப்பு. ஊறி வராது. ஏற்றியதுதான் இறங்கும்.

சார்ஜ் ஏற்றும் விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். ஈய-அமில பேட்டரியை அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஏற்றுவது நல்லது. 150க்கு 15 ஆம்பியர். முதல் முக்கால் பங்கு சுறுசுறுப்பாக ஏறும். அதற்குப் பிறகு வோல்ட் 14.4 பக்கம் நிற்க, கரண்ட் குறைந்துகொண்டே வரும். கடைசி கால் பங்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும். நிறைந்தபின் 13.7 போல இறங்கி, சும்மா தாங்கிக்கொண்டிருக்கும். பாதி வடிந்த பேட்டரி முழுதாக நிறைய ஏறத்தாழ ஒரு பகலோ ஓர் இரவோ வேண்டும். புயல் நாளில் கரண்ட் அரை மணி வந்து ஒரு மணி போனால், ஒவ்வொரு தடவையும் இறங்கியது முழுதாக ஏறவே ஏறாது. அன்று சாயங்காலமே என் பேட்டரி பாதிக்கும் கீழே போயிருக்க வேண்டும்.

அரைகுறையாக நிறைந்து நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பாகம் திரும்பாது. பச்சை விளக்கு எரியும், "ஃபுல்" என்று காட்டும். நிரம்பியிருப்பது சின்னப் பாத்திரம்.

அதனால் "பெரிய பேட்டரியா வாங்கிட்டா கவலை இல்லை" என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பத்து ஆம்பியர் கொடுக்கும் பழைய இன்வெர்ட்டரில் 220 ஆம்பியர்-அவர் பேட்டரியை மாட்டினால், அது நிறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். வாங்கும்போது இன்வெர்ட்டர் எத்தனை ஆம்பியர் சார்ஜ் கொடுக்கும் என்று கேளுங்கள். பின்புறம் பேட்டரி வகைக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். டியூபுலர் வாங்கிவிட்டு அதை ஃபிளாட்டிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவ மெஷின் இருந்தால் "பியூர் சைன் வேவ்" இன்வெர்ட்டர்தான். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் முனகும், சூடாகும்.

தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையில் சும்மா கிடந்தாலும் பேட்டரி தானாக வடியும். வாரண்டி "36+24" என்றால் முதல் 36 மாதத்துக்குத்தான் இலவச மாற்று. பின் 24க்கு விலையில் ஒரு பங்கு கழிவு, அவ்வளவே. தண்ணீர் ஊற்றாமல் காய்ந்தது என்றால் முதல் 36 மாதத்திலும் கையை விரித்துவிடுவார்கள், நியாயமாகவே. இரண்டு பேட்டரி சேர்த்து ஓட்டும் 24 வோல்ட் வீடுகளில் பழையதோடு புதியதை ஜோடி சேர்க்காதீர்கள். பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர். ஆர்.ஓ. தண்ணீர் இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் இல்லை, அது செம்பிலும் அலுமினியத்திலும் வழிந்து தூசியோடு வருகிறது. ஆசிட் ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள். முதலிலேயே நிறைத்தால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவு முதலில் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போட வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. சூடு பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகிறது என்பது பொதுவான கணக்கு, ஆகவே மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நகர்த்துங்கள். நீங்களே தூக்க வேண்டாம், அது 50 கிலோவுக்கு மேல். நம் வயதில் முதுகு போனால் வாரண்டி கிடையாது. நம் ஊர் உப்புக் காற்றில் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். சுத்தம் செய்து, இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

லித்தியம் வாங்கலாமே என்று மகன் கேட்டான். நல்ல பொருள்தான். தண்ணீர் வேண்டாம், எடை குறைவு, பத்தில் எட்டு பங்குக்கு மேல் தைரியமாகச் செலவு செய்யலாம், சீக்கிரம் நிறையும். ஆனால் விலை அதிகம். பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்ட முடியாது, அதற்குரிய சார்ஜ் அமைப்பு வேண்டும். குனிந்து மூடி திறக்க முடியாத, துணைக்கு ஆள் இல்லாத முதியவர்கள் வீட்டில், பணம் இருந்தால் அதையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். என்னால் இன்னும் குனிய முடிகிறது.

நான் செய்தது இதுதான். புது டால் டியூபுலர் 150 ஒன்று, சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இன்வெர்ட்டர் லைனிலிருந்து ஹால், சமையலறை, மாடி எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன். அவளுடைய அறையில் ஒரு பிளக், ஒரு விளக்கு. அவ்வளவுதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஃபேன்கூட வேணாமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். 720ஐ 310ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டே கால் மணி நேரம் வருகிறது. உயிர் போகும் அவசரத்தில் பாதிக்குக் கீழேயும் ஓட்டலாம். பேட்டரி கெட்டால் கெடட்டும், அதற்குத்தானே வாங்கினோம். ஆனால் இரண்டே கால் மணி நேரம் புயலுக்குப் போதாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தபின் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் டாக்டரைக் கேட்டு ஒரு சிலிண்டரும் வாங்கி நிற்க வைத்திருக்கிறேன். பேட்டரி அந்தச் சிலிண்டரைத் திறக்கும்வரை பதறாமல் இருக்க அவகாசம் தரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கரண்ட் போனால் மற்ற அறைகள் இப்போது இருட்டுதான். பேரன் லீவுக்கு வந்தபோது இன்டர்நெட் இல்லை என்று ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மாடிப்படிக்குக் கீழே ஆணியில் ஒரு 80 பக்க நோட்டு தொங்குகிறது. மாதம் முதல் தேதி, மெயினை அணைத்து அரை மணி நேரம் மெஷினை பேட்டரியில் ஓட்டிப் பார்த்து, மறுபடி சார்ஜ் ஏற்றி நிறைந்தபின் ஹைட்ரோமீட்டரில் ஆறு அறையையும் அளந்து எழுதுகிறேன். பேட்டரியில் குறித்திருப்பது 1240. நேற்று முன்தினம் ஐந்து அறை 1240, மூன்றாவது மட்டும் 1230, தண்ணீரும் அதில் கொஞ்சம் குறைவு. ஊற்றி மூடியைத் திருகிவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்" என்றேன்.

"கொண்டாங்க, பாக்கணும்" என்றாள்.